வடக்கு மூலையில் காற்று

ஏரி பதினாறு அங்குலம் உறைந்திருக்கிறது.
டிரக்கையே தாங்கும் என்றார் டெல்பர்ட்.
தாங்கியது.

நூலகத்தில் வெப்பமூட்டி பழுது என்பதால்
ஊர்க் கட்சிக் குழுவின் பிப்ரவரிக் கூட்டம்
அவருடைய மீன்பிடிக் குடிலில்.
ஐந்து பேர். கவிழ்த்துப் போட்ட வாளிகள் நான்கு.
தரையில் இரண்டு துளைகள்,
துளைக்குள் ஏரியின் கறுப்பு.

அதிபர் தேர்தலுக்கு மூன்று ஆண்டு இருக்கிறது.
இப்போது ஜெயித்தவர்
நாற்காலியில் இன்னும் சாய்ந்துகூட உட்காரவில்லை.
ஆனாலும் இது நியூ ஹாம்ப்ஷயர்.
முந்தி வாக்களிப்பது எங்களுக்குப் பூர்வீக நிலம் மாதிரி,
விளையாவிட்டாலும் வேலி போடுவோம்.

நான் செயலாளர்.
பேனாவில் மை உறைந்துவிட்டது, பென்சிலில் எழுதுகிறேன்.

முதல் பெயர், மேற்கே ஒரு ஆளுநர்.
'பல்வரிசை அருமை' என்றாள் ஆர்லீன்.
முப்பது வருடம் பல் மருத்துவரிடம் வேலை பார்த்தவள்.
'அதுதான் இடிக்கிறது.
அந்த வயதில் ஒரு பல்லாவது
வாழ்ந்ததைக் காட்டிக்கொடுக்க வேண்டாமா?'

அடுத்து, செனட்டர் அம்மாள்.
மூடிய காகித ஆலைகளுக்கு அவரிடம்
பதினேழு பக்கத் திட்டம் உண்டு.
பதினேழையும் படித்த ஒரே ஆள் ரேஷான் திபோடோ,
ஆலையில் கூழ்த்தொட்டி பார்த்தவர்.
'நல்லாத்தான் எழுதியிருக்கு' என்றார்.
சற்றுப் பொறுத்து,
'வாசனையைப் பற்றி ஒரு வரி இல்லை.
அந்த நாற்றம் போன அன்றைக்குத்தான்
ஊரே அழுதது.'

ஓய்வுபெற்ற தளபதி ஒருவர்
அக்டோபரில் வந்து
எங்கள் ஊர்ப்பெயரைப் பிசகாமல் உச்சரித்தார்.
அதற்கே பாதிப்பேர் அவர் பக்கம்.

நான்காவது, தெற்கத்தி மேயர். வயது நாற்பத்தொன்று.
கணிப்பில் எவ்வளவு என்று பார்க்க
ஓரின் கைபேசியோடு வெளியே போனான்,
சிக்னல் கரைப்பக்கம்தான் கிடைக்கும்.
திரும்பி வந்தபோது புருவமெல்லாம் பனி.
'நாலு சதவீதம்.'
'நம்ம ஆளும் நாலில்தான் தொடங்கினார்' என்றார் ரேஷான்.

அதன்பிறகு கொஞ்ச நேரம்
அடுப்பு மட்டும் பேசியது.

நம்ம ஆள் சுவரில் இருக்கிறார்.
குடிலின் உட்புறம் முழுக்க டெல்பர்ட் அடித்திருப்பது
தோற்றவர்களின் முற்றப் பலகைகள்.
நெளி பிளாஸ்டிக், காற்றை நன்றாகத் தடுக்கும்.
முப்பது வருடப் பெயர்கள்,
சில தலைகீழாக, ஒன்று ஜன்னலுக்காகப் பாதி அறுபட்டு.
என் முதுகு சாய்ந்திருந்த பெயருக்காக
மூன்று மாதம் வீடுவீடாகக் கதவு தட்டினேன்.
நாய் கடித்த தழும்பு இடது கணுக்காலில் இருக்கிறது.
இங்கே ஜெயித்தார். நவம்பரில் தோற்றார்.
நன்றிக் கடிதத்தில் என் பெயருக்கு ஓர் எழுத்து குறைவு.

மணி ஒலித்தது. தூண்டிலில் டிரவுட்.
கொக்கித் தராசில் தொங்கவிட்டார் டெல்பர்ட்.
நான்கு ராத்தல் காட்டியது.
அது அரை ராத்தல் குறைத்துக் காட்டும் தராசு,
எல்லோருக்கும் தெரியும்,
எல்லோரும் மனசுக்குள் கூட்டிக்கொண்டோம்.
ஓரின் மட்டும் கேட்டான்:
'தராசை மாற்றினால் என்ன?'
'பழகிவிட்டது' என்றாள் ஆர்லீன்.

மேயருக்கு இரண்டு கை. தளபதிக்கு இரண்டு.
நான் தூக்கவில்லை.
வேட்பாளரை எடைபோடுகிறோம் என்றுதான் குறிப்பில் இருக்கிறது.
இன்னொரு குளிர்காலம் எத்தனை கதவு தட்ட முடியும் என்று
என் முழங்காலைத்தான் நான்
நிறுத்துக்கொண்டிருந்தேன்.

வடக்கு மூலையில் விர்ரென்று காற்று புகுந்தது.
'அங்கே ஒரு பலகைக்கு இடம் இருக்கு'
என்றார் டெல்பர்ட்,
மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றியபடி.

யாரும் சிரிக்கவில்லை.
ஆர்லீன் தன் ஒற்றைக் கையுறையை உருவி
அந்த இடைவெளியில் திணித்தாள்.
மார்ச் வரைக்கும் தாங்கும்.